ஆறாவது இணைப்பு

படம் நின்றது. திரையின் நடுவில் அந்த வெள்ளை வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கண்டக்டர் எரிச்சலில் நாக்கைத் தட்டி 'த்ச்' என்றார். அவர் வாய் அடங்கிய பிறகு, முதுகுப் பக்கமிருந்து, அதே எரிச்சலோடு, இன்னொரு 'த்ச்' கேட்டது.

மத்தியானம் மூன்றேகால் மணி. வீட்டில் அவரைத் தவிர ஈ காக்கை கிடையாது.

பல்லியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஏன், படம் நின்றால் பல்லிக்கு மட்டும் கோபம் வரக்கூடாதா என்று தனக்குத்தானே ஒரு சிரிப்பும் சிரித்துக்கொண்டார். திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். ஆனால் பாவம், திரும்புவதற்குத்தான் அவருக்கு வழியில்லை.

ஆறு வாரத்துக்கு முன்னால், டிரைவர் போட்ட ஒரு பிரேக்கில், ஓடும் பஸ்ஸின் படியிலிருந்து ரோட்டில் விழுந்தவர் அவர். கழுத்தெலும்பில் கீறல், வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. மோவாயிலிருந்து மார்பு வரை கெட்டியான பிளாஸ்டிக் பட்டை. தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. "கழுத்தை ஒரு அங்குலம் திருப்பினாலும் அப்புறம் கை கால் எதையுமே அசைக்க முடியாமப் போயிடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே காலையில் எட்டரைக்கு மனைவி அவரைச் சாய்வு நாற்காலியில் டிவிக்கு நேராக உட்காரவைத்துவிட்டு, மருந்துக் கிடங்கு வேலைக்குப் போய்விடுவாள். ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து சாப்பாடு ஊட்டிவிட்டுப் போவாள். இரவு ஏழுக்கு மனைவி திரும்புவாள். நடுவில் அவர் உலகம் என்பது எதிரே தெரியும் அந்த நாலடிக் கண்ணாடிதான். முதுகுக்குப் பின்னால் பாதிக் கூடம் இருந்தது. சாப்பாட்டு மேசை, இரண்டு நாற்காலி, அலமாரி, அதன்மேல் நெட் பெட்டி. அதையெல்லாம் அவர் பார்த்து ஆறு வாரமாகிவிட்டது.

மகள் கெட்டிக்காரி. வாலிபால் ஆடுகிறவள், அவள் ஓடும் ஓட்டத்துக்கு அப்பா வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். பயிற்சி முகாமுக்குப் புறப்படுவதற்கு முன்னால் வீட்டை அப்பாவுக்காகவே மாற்றி அமைத்துவிட்டுப் போயிருந்தாள். வாசல் கதவுக்கு ஒரு பூட்டு. தையல்காரம்மா மணி அடித்தால், அம்மா வேலை இடத்திலிருந்தே ஃபோனில் திறந்துவிடலாம். நெட் போனால் தானாகவே தாழ் விழுந்துவிடும். அப்போது திறக்க ஒரு சாவி உண்டு, அது சமையலறை இழுப்பறையில் கிடந்தது. அப்பாவின் மணிக்கட்டில் ஒரு பொத்தான். அமுக்கினால் அம்மா ஃபோனும் மகள் ஃபோனும் சேர்ந்து அலறும். டிவி பக்கத்தில், கண்டக்டர் முகத்தைப் பார்த்தபடி, அவளுடைய பழைய செல்ஃபோன் கேமராவாக நின்றுகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

"நான் எந்த ஊர்ல இருந்தாலும் உங்களைப் பார்த்துக்கிட்டே இருப்பேம்ப்பா. தில்லுமுல்லு பண்ணி எழுந்து நடந்தீங்க, தெரிஞ்சிடும்" என்று மிரட்டிவிட்டுத்தான் போனாள்.

இன்றைக்கு அவளுக்கு இறுதி ஆட்டம். நாலு மணிக்கு நேரடி ஒளிபரப்பு. அவள்தான் கேப்டன். இந்தப் படமோ ஒரு நிமிஷம் ஓடினால் இரண்டு நிமிஷம் நிற்கிறது.

கண்டக்டர் நெட் கம்பெனிக்கு ஃபோன் போட்டார். அந்த வீடு அடுக்குமாடியின் தரைத்தளத்தில், பின்பக்கம். சாதாரண சிக்னல் உள்ளே நுழையாது. பேச்சும் நெட் பெட்டி வழியாகத்தான் போய் வரும்.

"வணக்கம் சார், என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க." சின்னப் பெண் குரல். அவளுக்குப் பின்னால் இருபது முப்பது பேர் இதே மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டவுன் பஸ் மாதிரி நின்னு நின்னு போகுதும்மா. நாலு மணிக்கு எம்பொண்ணு ஆடுறா. அதுக்குள்ள எக்ஸ்பிரஸ் ஆக்கிக் குடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் சிரித்துவிட்டாள். "ஆக்கிடலாம் சார். நெட் பெட்டியை ஒரு தடவை அணைச்சுப் போட முடியுமா?"

"எழுந்திருக்க முடியாதும்மா. கட்டுப் போட்டு உட்காரவச்சிருக்காங்க."

"அய்யோ. சரி சார், உட்கார்ந்த இடத்திலேயே பார்ப்போம்."

டிவியில் அந்தச் செயலியை மூடித் திறக்கச் சொன்னாள். திறந்தார். படத்தின் தெளிவைக் குறைக்கச் சொன்னாள். குறைத்தார். மைதானத்தைக் காட்டினார்கள், வீராங்கனைகள் கைகால்களை உதறிக்கொண்டிருந்தார்கள். மகள் முகம் தென்படுகிற நேரம் பார்த்து மறுபடி வட்டம். பின்னால் யாரோ மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டாற்போல இருந்தது. அதோடு ஒரு வாடை. ஈரத்தோடு மடித்துவைத்த துணியை வெகுநாள் கழித்துப் பிரித்தால் அடிக்குமே, அந்த வாடை. ஜன்னல் சீலைக்கு அப்பால் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் இருக்கவேண்டியபடி இருக்க, கண்டக்டரின் புறங்கை ரோமம் மட்டும் ஏனோ குத்திட்டு நின்றது.

"சார், லைன்ல ஒரு குறையும் இல்ல. முழு வேகம் வீட்டுக்கு வருது. உள்ள வந்ததும் பாதியை வேற ஏதோ இழுத்துக்குது. உங்க ஃபோன்ல நம்ம செயலியைத் திறங்க. எத்தனை சாமான் சேர்ந்திருக்குன்னு வரிசையாக் காட்டும்."

பேச்சை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வரிசையைத் திறந்தார். பெயர் ஒன்றும் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த வரிகள், ஒவ்வொன்றின் கீழும் அது இழுக்கும் வேகத்துக்கு ஏறி இறங்கும் ஒரு கோடு. பெயர் எதற்கு? படியில் நின்றபடி ஒரே பார்வையில் ஐம்பத்துநாலு தலையை எண்ணி முடிக்கிற ஆள் அவர். டிவி, தன் ஃபோன், கேமரா, பூட்டு, பொத்தான். ஐந்து. வரிசையில் இருந்தது ஆறு.

"ஒரு ஆள் டிக்கெட் இல்லாம ஏறியிருக்காம்மா."

"பக்கத்துல யாராவது உங்க பாஸ்வேர்டைப் பிடிச்சிருப்பாங்க சார், நிறைய நடக்குது. எங்களுக்குப் பார்க்கத்தான் அனுமதி, நீங்கதான் நிறுத்தணும். ஒண்ணொண்ணா நிறுத்திப் பாருங்க. அது இல்லன்னு தெரிஞ்சா உடனே திரும்பச் சேர்த்துடுங்க. சேர்த்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும், சரியா?"

"சரிம்மா" என்றார் கண்டக்டர்.

இருபத்தொன்பது வருஷம் பஸ்ஸில் கழித்தவருக்கு ஒரு பழக்கம். தலைக்கணக்கு இடித்தால் சீட்டு சீட்டாகப் போய்க் கெஞ்சமாட்டார். வண்டியை ஓரங்கட்டி எல்லாரையும் இறக்கிவிடுவார். டிக்கெட் வாங்கினவன் முணுமுணுத்துக்கொண்டாவது இறங்கி நிற்பான். வாங்காதவன் சீட்டுக்கடியில் பதுங்குவான். காலி வண்டியில் ஒளிந்திருப்பவனைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? இறங்கினவர்களை அவன் பிடிபட்ட பிறகுதான் மறுபடி ஏற்றுவார். அந்தப் பெண் சொன்னதைக் காதில் வாங்கினார். கை தன் பழக்கத்தைச் செய்தது.

முதல் கோட்டை அமுக்கினார். வாசல் பக்கம் 'கடக்' என்று தாழ் விழுந்தது. பூட்டு. அது கிடக்கட்டும்.

அடுத்தது. மணிக்கட்டுப் பொத்தானில் எரிந்த சிவப்பு அணைந்தது. அதுவும் கிடக்கட்டும்.

மூன்றாவது. டிவி பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி கண்ணை மூடியது. மகள் தன்னைப் பார்ப்பது நின்றுவிட்டதே என்று நெஞ்சில் சின்னதாக ஒரு நெருடல். ஆடப்போகிறவள் இப்போது எங்கே ஃபோனைப் பார்க்கப் போகிறாள் என்று சமாதானம் செய்துகொண்டார்.

"திரும்பச் சேர்த்தீங்களா சார்?"

"எல்லாரையும் கடைசியில மொத்தமா ஏத்திக்கலாம்மா. இப்ப மூணு பேர்தான் வண்டியில. எம் ஃபோனு, டிவி, அப்புறம் அந்தத் திருட்டுப் பய."

"சார், அப்படிச் செய்யக்கூடா... சரி பரவாயில்ல. ஓடுறதை ஒரு நிமிஷம் நிறுத்துங்க. டிவியோட கோடு அடங்கிடும். எது டிவின்னு தெரிஞ்சிடும்."

ரிமோட்டை அமுக்கினார். ஒருத்தி பந்தைத் தூக்கிப் போட்டபடி காற்றில் உறைந்து நின்றாள்.

எதிர்முனையில் மற்ற குரல்களின் இரைச்சல் மட்டும்.

"அம்மாடி?"

"ரெண்டு கோடும் நின்னுடுச்சு சார். மறுபடி ஓடவிடுங்க."

விட்டார்.

"ரெண்டும் சேர்ந்தே ஏறுது. இன்னொரு தடவை நிறுத்துங்க." நிறுத்தினார். "சார், அது வேற எதையும் பார்க்கல. உங்க டிவியில என்ன ஓடுதோ அதைத்தான் பார்க்குது. நீங்க நிறுத்தினா நிறுத்துது."

"பக்கத்து வீட்டிலேருந்தா?"

"இல்ல சார். டிவியை விட அது பெட்டிக்குக் கிட்ட இருக்கு. பெட்டியை எங்க வச்சிருக்கீங்க?"

"எனக்குப் பின்னாடி. அலமாரி மேல. ரெண்டு எட்டு இருக்கும்."

அவள் குரல் தணிந்தது. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோலப் பேசினாள். "சார், உங்ககூட வீட்டுல யாராவது இருக்காங்களா?"

கண்டக்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். நிறுத்திவைத்த படத்தில் ஓசை இல்லை. தையல் மெஷினும் அந்த நேரம் பார்த்து நூல் மாற்ற நின்றிருந்தது. அந்த அமைதியில், முதுகுக்குப் பின்னால், சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்று மெல்ல முனகியது. உட்கார்ந்திருப்பவர் உடம்பை மாற்றிப் போட்டால் மரம் முனகுமே, அந்த முனகல்.

"யாரது?" என்றார். மோவாயைப் பட்டை பிடித்திருந்ததால் பாதிக் குரல்தான் வெளியே வந்தது.

ஈர வாடை மட்டும் ஒரு படி ஏறியது.

"சார்," என்றாள் அந்தப் பெண், "அது நகருது. பெட்டியை விட்டு விலகி வருது. உங்க பக்கம்தான்... சார், அதை நிறுத்துங்க. உடனே நிறுத்துங்க. நடுக்கோடு. நடுவுல இருக்கறது!"

கட்டைவிரலைத் தூக்கினார். அதைக் கீழே கொண்டுவருவதற்குள் வரிசை ஒரு முறை மினுக்கிட்டு, தானாகவே இடம் மாறிக்கொண்டது. மேலே இருந்த கோடு நடுவில் இறங்கியது. விரல் பட்டுவிட்டது.

"சார், அந்த ஆளு உங்க..."

பேச்சு அறுந்தது.

ஃபோன் திரையில் ஒரு வரி: 'இணைப்பு இல்லை.' அவர் இறக்கிவிட்டது தன்னைத்தானே.

மறுபடி அமுக்கினார். இணைப்பு இல்லை. செயலியை மூடித் திறந்தார். இணைப்பு இல்லை. மனைவியின் எண்ணை அழுத்தினார். ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. மணிக்கட்டுப் பொத்தானை நசுக்கினார், நகம் வெளுக்க நசுக்கினார். செத்த பொத்தான். டிவியிலேயே சரிசெய்யலாமா என்று ரிமோட்டைத் தட்டிப் பார்த்தார். அந்த வேலை ஃபோனில் மட்டும்தான் ஆகும். ஃபோனைச் சேர்க்க ஃபோன் வேண்டும்.

ஆறு பேர் ஏறிய வண்டி. நாலு பேரை இறக்கியாயிற்று. கணக்கு அவருக்கு ஒருநாளும் தப்பாது. மீதி இரண்டு. டிவி ஒன்று.

கத்தினார். "அம்மா! தையல்காரம்மா!" கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். தையல் மெஷின் ஒரு கணம் நின்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு அது மறுபடி கடகடவென்று ஓட ஆரம்பித்தது. வந்தாலும்தான் என்ன? வாசலில் தாழ் விழுந்து கிடக்கிறது. சாவி உள்ளே.

மணி நாலு. ஏழு வரைக்கும் மூன்று மணி நேரம்.

எழுந்துவிடலாமா? மாவுக்கட்டுக் காலைத் தரையில் ஊன்றப் பார்த்தார். இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. பட்டைக்குள் கழுத்து இம்மி அசைந்தது. பின்மண்டையிலிருந்து விரல் நுனி வரை ஒரு மின்னல். கண் இருண்டது. அப்படியே விழுந்தார், நாற்காலிக்குள்.

நிறுத்தியிருந்த படம் தானாக ஓட ஆரம்பித்தது. ரிமோட் அவர் மடியில்தான் இருந்தது. அவர் தொடவில்லை.

ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தது. வட்டம் வரவில்லை. ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. பந்தின் தையல் தெரிந்தது; மகளின் நெற்றி வியர்வை தெரிந்தது. அவ்வளவு தெளிவாக அந்த வீட்டில் அதற்கு முன் படம் ஓடியதில்லை. இழுக்க வேறு யாரும் இல்லையே. இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும்.

டிவியை அணைத்துவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. அணைத்தால் திரை கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியில் கூடம் முழுக்கத் தெரியும். முன்னால் அவர். அவருக்குப் பின்னால்...

சிவப்புப் பொத்தானின் மேல் விரல் வெகுநேரம் கிடந்தது. அணைக்கவில்லை. அணைக்க முடியவில்லை.

பார்த்தார். வேறு எங்கே பார்ப்பது? மகள் எகிறி அடித்தாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. பின்னால் ஒரு மூச்சு விம்மி வந்தது. எதிரணி ஒரு புள்ளி எடுத்தது. பின்னால் அந்த மூச்சு தாழ்ந்தது. அவருக்கு எங்கே நெஞ்சு அடித்துக்கொண்டதோ, அங்கே அதற்கும் அடித்துக்கொண்டது. முதல் சுற்று. நாற்காலிக் கால் தரையில் 'கிரீச்'. இரண்டாவது சுற்று. 'கிரீச்.' மூச்சு இப்போது உச்சந்தலையில் பட்டது. ஜில்லென்று. ஈரமாக.

கண்டக்டர் அழுதார். கண்ணீரைத் துடைக்கக் கையைத் தூக்கவில்லை. கை எதிலாவது இடித்துவிட்டால்?

ஐந்து மணி சுமாருக்கு மகள் ஜெயித்தாள். கடைசிப் பந்தை அவள்தான் அடித்தாள். தோழிகள் அவளைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். கோப்பை வந்தது. மைக்கை நீட்டிக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள்.

"கேப்டன், இந்த வெற்றி யாருக்கு?"

"எங்கப்பாவுக்கு!" மூச்சிரைக்கச் சிரித்தாள் எக்ஸ்பிரஸ். "வீட்டுல பார்த்துக்கிட்டு இருப்பாரு. அடிபட்டு ஆறு வாரமா நாற்காலியை விட்டு அசைய முடியல. தெனமும் கேமராவுல ஒரு நிமிஷம் அவரைப் பார்ப்பேன். இன்னைக்கு மத்தியானம்கூடப் பார்த்துட்டுத்தான் டிரஸ் மாத்தப் போனேன்."

"தனியா இருக்காரா, பாவம்?"

"இல்லல்ல. அம்மா துணைக்கு ஆள் போட்டிருக்காங்க. தெனமும் அப்பாவுக்குப் பின்னாடி உட்கார்ந்து அவங்களும் டிவி பார்ப்பாங்க. பேர் கேக்கணும்னு நினைப்பேன், ஃபோன் பேசும்போது மறந்துபோயிடும். மொதல்ல சுவரோரமா உட்கார்ந்திருந்தாங்க. கூச்சம்போல. அப்புறம் தெனம் கொஞ்சம் கொஞ்சமா நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டாங்க." அவள் கேமராவை நேராகப் பார்த்தாள், அப்பாவையே பார்ப்பது மாதிரி இருந்தது. "அப்பா, ஜெயிச்சிட்டேம்ப்பா! உங்ககூட இருக்காங்களே, அவங்களுக்கும் ரொம்ப தேங்க்ஸ்னு சொல்லுங்க!"

கை ஆட்டினாள். கூட்டம் கை தட்டியது.

கூடத்திலும் கை தட்டும் ஓசை கேட்டது. ஈரக் கைகள். மெதுவாக. ஒன்று. இரண்டு. மூன்று.

நின்றது.

நாற்காலி கடைசியாக ஒரு தரம் தரையில் உரசியது.

வலது தோளில் ஒரு கை வந்து அமர்ந்தது. ஆறுதலாக, பெண்ணைப் பெற்றவரைத் தட்டிக்கொடுப்பதுபோல, இரண்டு தட்டுத் தட்டியது. எடுக்கவில்லை. இடது தோளில் இன்னொன்று. விரல்கள் சட்டையின் மேல் ஊர்ந்து மார்புப் பட்டை வரை வந்தன. அவ்வளவு நீளம்.

திரையில் ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடி போட ஆரம்பித்தார்கள்.

கண்டக்டரின் உச்சந்தலையில் ஏதோ இறங்கியது. எலும்பாக. குளிர்ச்சியாக. ஒரு மோவாய். படம் நன்றாகத் தெரியவேண்டுமே என்று முன்னால் இருப்பவர் தலைமேல் மோவாயை ஊன்றிக்கொள்வார்களே, அப்படி. பிளாஸ்டிக் பட்டை கிறீச்சிட்டது. பாரம் கூடியது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

அது வசதியாகச் சாய்ந்துகொண்டது.